ரத்தம் பயணம் போகட்டும், ஆள் தொழிலுக்குப் போகட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. எய்ட்ஸ் பற்றியது என்றதும் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்.

டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரிப்பன், ஊர்வலம், பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி. எல்லாம் வராமல் தடுப்பதைப் பற்றி. வேண்டியதுதான். ஆனால் தொற்று வந்து, மாத்திரை சாப்பிட்டு, நம் பக்கத்து வீட்டில் சாதாரணமாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வருடா வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக்காக என்ன பாடு படுகிறார்கள் என்று எந்த ஊர்வலத்திலும் யாரும் சொல்வதில்லை.

என்னிடம் படித்த ஒருவர், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், சில மாதங்களுக்கு முன் ஒரு தாளை நீட்டி, "சார், சிடி4 போன தடவை 450, இந்தத் தடவை 390. நான் ஃபெயிலா?" என்று கேட்டார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஃபெயில் இல்லை. சிடி4 என்பது நம் உடம்பைக் காக்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500 முதல் 1500 வரை இருக்கும். காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு. சளி, காய்ச்சல் வந்தாலும் மாறும். 60 குறைந்ததற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இந்த எண்ணை மார்க் மாதிரி பார்க்கும் பழக்கம் மக்களிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது நாட்டில் எட்டே மையங்கள். அதில் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம். அப்போது சிடி4 200-க்குக் கீழே போனால்தான் மருந்து. பிறகு 350 ஆனது, 500 ஆனது. 2017-இலிருந்து எண் என்னவாக இருந்தாலும் தொற்று உறுதியானால் மருந்து உண்டு. அதாவது பல வருடம் அந்த எண்தான் கதவைத் திறந்தது. மக்கள் அதை எப்படி மறப்பார்கள்?

இன்றைக்கு முக்கியமான பரிசோதனை வேறு. வைரல் லோட். ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் எத்தனை பிரதி இருக்கிறது என்று பார்ப்பது. ஏரிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி அவரிடம் சொன்னேன்: "ஏரியில் இறால் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது சிடி4. முகத்துவாரம் திறந்திருக்கா, மணல் அடைக்கிறதா என்று போய்ப் பார்ப்பது வைரல் லோட். முகத்துவாரம் அடைத்து ரொம்ப நாள் கழித்துத்தான் வலையில் இறால் குறைவது தெரியும்." மருந்து வேலை செய்யாமல் போனால் முதலில் ஏறுவது வைரஸ். சிடி4 அப்புறம்தான் இறங்கும். சிடி4-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துதான் தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே வைரல் லோட்தான் முதன்மை என்றது. இங்கே எல்லோருக்கும் என்று 2018-இல் வந்தது. மருந்து தொடங்கிய 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. கர்ப்பிணிகளுக்குக் குழந்தையைக் காப்பாற்றவேண்டி எட்டாம் மாத வாக்கில் தனியாக ஒன்று. எண் 1000-க்குக் கீழே என்றால் மருந்து பிடித்திருக்கிறது. கருவிக்கே தெரியாத அளவுக்குப் போய்விட்டால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. இதை 2023-இல் உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்யாணம், குழந்தை என்று ஏங்குகிற ஒருவருக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

1000-க்கு மேல் போனாலும் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். மாத்திரை எங்கே தவறுகிறது என்று உட்கார்ந்து பேசி, மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிடவைத்து, மறுபடி பார்ப்பார்கள். இது நல்ல முறை. நம் குப்பங்களில் மாத்திரை தவறுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. இரவு வலைக்குப் போகிறவர் படகில் நாலு பேர் முன்னால் மாத்திரையை எடுத்து விழுங்க முடியுமா? "என்னடா அது?" என்று ஒரே ஒரு கேள்வி போதுமே.

சரி, அந்தப் பரிசோதனைக்குப் போவது எப்படி? பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். திருவள்ளூர் என்றால் பொன்னேரியில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். சென்னை 60 கிலோமீட்டர் பக்கம். தீவு மாதிரி இருக்கும் சில குப்பங்களிலிருந்து அதற்கு முன்னால் படகு வேறு. ரத்தம் கொடுத்த அன்றே முடிவு கையில் வராது. இதில் பாடு முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. உன் முறை வரும் நாளில் நீ இல்லையென்றால் வருமானம் மட்டும் போகாது, "எங்கே போனான்?" என்ற கேள்வியும் வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை போட அரசாங்கத்துக்கு நாள் காட்டித் திட்டமிடத் தெரிகிறது. ஒரு மீனவருக்கு எந்த நாளில் ரத்தம் எடுத்தால் தோது என்று கேட்கத் தெரியவில்லை.

என் கருத்து எளிமையானது. ஆளை அலையவிடாதீர்கள், ரத்தத்தை அனுப்புங்கள். பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் அங்கே மாதிரி எடுத்து, குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். ரத்தம் எடுத்த அன்றே பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் முடியாது என்றால், வடிகட்டித் தாளில் சில சொட்டு ரத்தத்தை உலரவைத்து அனுப்பும் முறை உண்டு. தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பரிசோதிக்க நம் நாட்டிலேயே இது நடக்கிறது. எண் துல்லியம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 1000-ஐத் தாண்டியதா என்று பார்க்க உதவும். காசநோய்க்காக அரசு வாங்கிவைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியிலேயே வைரல் லோட் கார்ட்ரிட்ஜ் போட்டால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு வரும். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சொன்னது அந்த மாணவரேதான். "சார், உள்ளூர்லயா? ரத்தம் எடுக்கிற அக்கா எங்க தெருக்காரங்க. எனக்குச் சென்னையே போதும்." நியாயம். அவரைப் போலத் தூரத்தையே பாதுகாப்பாக நினைத்து, பக்கத்து மையத்தை விட்டுவிட்டு எங்கோ பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, எல்லோரும் இங்கேதான் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அது வேறு கொடுமை ஆகிவிடும். சர்க்கரை, உப்பு, கிரியாட்டினின் பார்க்க வருகிறவர்களோடு சேர்த்து, அதே வரிசை, அதே குழாய், பெயர் இல்லாமல் எண் மட்டும் என்று வைக்கலாம். அப்படியும் வேண்டாம் என்பவர் சென்னைக்கே போகட்டும். தேர்வு அவருடையது. இன்றைக்கு அந்தத் தேர்வே இல்லை என்பதுதான் என் சண்டை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் நல்ல சட்டம். ஒருவரின் நிலையை வெளியே சொல்வது, அதை வைத்து ஒதுக்குவது எல்லாம் சட்டப்படி கூடாது. ஆனால் மருந்தும் பரிசோதனை வசதியும் தரும் பிரிவில் "இயன்றவரை" என்று ஒரு சொல்லை வைத்தார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று தொற்றுள்ளோர் அமைப்புகள் கேட்டும் எடுக்கவில்லை. நாற்பது வருடம் முன்பு, 1986-இல், இந்தியாவில் இந்தத் தொற்றை முதன்முதலில் கண்டுபிடித்தது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் ரத்தம் சேகரித்தார்கள். சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். அன்றைக்கே ரத்தம்தான் ரயிலேறிப் போனது.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் சுகாதாரத் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். மாதத்தில் ஒருநாள் மாதிரி எடுக்க என்ன தடை என்று எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். மனுவாக எழுதித் தருகிறேன், கையெழுத்து வாங்கும் வேலை என்னுடையது. பரிசோதனை பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் 1097-க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டாம். பின்னூட்டத்தில் தயவுசெய்து "அவரா, இவரா" என்று யாரும் ஊகிக்காதீர்கள். அப்படி ஒரு வரி வந்தாலும் நீக்கிவிடுவேன்.