எரிய வேண்டிய விளக்கு

காத்தோங் வட்டாரத்திலுள்ள கூன் செங் சாலையில் நடப்பவர்கள், சற்று நின்று பார்க்காமல் போவதில்லை. இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் எனப் பல வண்ணங்களில் பெரனாக்கான் வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவை வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. இன்றும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். அருகிலுள்ள ஜூ சியாட், 1993இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அது சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகராகவும் தேர்வுபெற்றது. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் மூன்று கொள்கைகளை வகுத்துள்ளது. இருப்பதை இயன்றவரை தக்கவைத்தல், இயல்பு கெடாமல் மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல் ஆகியவையே அவை.

வீடுகளுக்குக் காட்டும் இந்த அக்கறையை, அக்காலத்து மக்கள் அன்றாடம் பயன்படுத்திய பொருள்களுக்கும் நாம் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குச் சான்றாக ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அது மண்ணெண்ணெயால் எரியும் காற்றழுத்த விளக்கு. தமிழர்கள் அதைப் பெட்ரோமாக்ஸ் விளக்கு என்று அழைத்தார்கள். பெர்லின் நகரிலிருந்த எஹ்ரிச் - கிரேட்ஸ் நிறுவனம் 1910ஆம் ஆண்டுவாக்கில் உருவாக்கிய விளக்கின் பெயர் அது. நாளடைவில், அதே வகையைச் சேர்ந்த எல்லா விளக்குகளுக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. 1984இல் வெளிவந்த 'வைதேகி காத்திருந்தாள்' திரைப்படத்தின் நகைச்சுவைக் காட்சியால், இவ்விளக்கை நேரில் காணாதவர்கள்கூட அதன் பெயரை அறிவார்கள்.

ஒரு காலத்தில் இவ்விளக்கு சிங்கப்பூரின் இரவுகளுக்கு ஒளி தந்தது. அப்போது காத்தோங் கடலோரப் பகுதியாக இருந்தது. 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணிக்குப் பிறகே கடல், இன்றைய ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு அப்பால் தள்ளிப்போனது. நம் தீவைச் சுற்றியுள்ள கடலில் மரக்கம்பங்களை நட்டு 'கேலோங்' எனப்படும் மீன்பிடித் தளங்களை அமைத்திருந்தார்கள். இரவில் மீன்களை ஈர்ப்பதற்காக, அங்கே இவ்விளக்குகளை நீருக்கு மேலே தொங்கவிட்டார்கள். இரவுச் சந்தை வியாபாரிகள் இவற்றின் ஒளியில் கடை விரித்தார்கள். பின்னர், மின்சாரம் கம்பங்களையும் எட்டியது. 1986ஆம் ஆண்டுக்குள் தெருவோர உணவு வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சாமான் அறைகளின் மூலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்று அவை வேறொரு வகையில் திரும்பி வந்திருக்கின்றன. சில உணவகங்களில் இவ்விளக்குகள் அலங்காரமாகத் தொங்குகின்றன. பித்தளைக் கலம் பளபளக்கிறது. ஆனால், உள்ளே இருந்த குழாயும் பம்பும் அகற்றப்பட்டு, ஒரு மின்விளக்கு பொருத்தப்பட்டிருக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், அது எப்படி எரிந்தது என்பதை அதைப் பார்த்து யாரும் அறிந்துகொள்ள முடியாது. முகப்பை மட்டும் விட்டுவிட்டு வீட்டை இடித்துவிடுவதைப் போன்றதுதான் இது.

உள்ளே என்னதான் இருந்தது? விளக்கின் அடிப்பகுதியிலுள்ள கலத்தில் மண்ணெண்ணெய் நிரப்பப்படும். பம்பை அடிக்கும்போது கலத்துக்குள் காற்றின் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் மண்ணெண்ணெயைக் குழாய் வழியாக மேலே தள்ளும். முன்கூட்டியே சூடாக்கப்பட்ட குழாயில் மண்ணெண்ணெய் ஆவியாகி, ஊசிமுனை அளவுள்ள துளை வழியாகப் பீறிட்டு வெளிவரும். பிறகு, காற்றுடன் கலந்து 'மேண்டில்' எனப்படும் சிறு வலைப்பைக்குள் எரியும். மேண்டிலை உருவாக்கியவர், ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக். அவர் 1885இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உலோக உப்புகளில் ஊறிய அந்தத் துணி முதன்முறை எரிந்ததும் சாம்பல் வலையாக மாறிவிடும். அந்த வலைதான் சூடேறி வெள்ளொளி வீசுகிறது. விரல் பட்டாலே அது உதிர்ந்துவிடும். இயற்பியலும் வேதியியலும் இந்த ஒரு விளக்குக்குள் கைகோத்து நிற்கின்றன.

இத்தகைய விளக்கைத் தேடி வாங்கி, பழுதுபார்த்து, முகாமுக்கு எடுத்துச் செல்பவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை, பொறுமையே தேவை. பம்பிலுள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால், அதை எண்ணெயில் ஊறவைத்து மென்மையாக்குகிறார்கள். துளையை அடைத்திருக்கும் கரியை நீக்குகிறார்கள். வெறும் கலத்தில் காற்றை அடைத்து நீரில் அமிழ்த்துகிறார்கள். எங்கிருந்து குமிழி வருகிறதோ அங்கே கசிவு இருக்கிறது என்று பொருள். பித்தளையைத் துலக்குவதற்கு நம் பாட்டிமார் பயன்படுத்திய புளியே போதும். ஆயினும், அளவுக்கு மீறித் தேய்த்தால் கலத்தில் பொறித்த எழுத்துகள் அழிந்துவிடும். ஆகவே, தேய்ந்துபோன பாகத்தை மட்டும் மாற்றுவதும், நல்ல நிலையில் உள்ளதை அப்படியே விட்டுவிடுவதும் சிறந்த முறையாகும். காத்தோங் வீடுகளைக் காத்த அதே மூன்று கொள்கைகள் இங்கும் பொருந்துவதைக் காணலாம்.

இக்கருத்தை மறுப்பவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் விளக்கு ஆபத்தானது என்று அவர்கள் கூறுவார்கள். அது உண்மைதான். அதில் ஒருபோதும் பெட்ரோலை ஊற்றக்கூடாது. கூடாரத்துக்குள் அதை ஏற்றினால், கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு சேர்ந்து உயிருக்கே கேடு விளையும். பழைய மேண்டில்களில் சிறிதளவு கதிரியக்கமுள்ள தோரியம் இருந்தது. இப்போது தோரியம் இல்லாதவையும் விற்கப்படுகின்றன. நம் பூங்காக்களில் கூடாரம் அமைக்கவும் தீ மூட்டவும் விதிமுறைகள் உள்ளன. எனவே, பெரியவர்களின் துணையின்றி மாணவர்கள் இவ்விளக்கைத் தொட்டு எரிக்கக்கூடாது. ஆனால், ஆபத்து உண்டு என்பது, அதைப் பற்றி அறியாமலேயே இருப்பதற்குக் காரணமாகாது. அறிவியல் ஆய்வுக்கூடத்திலும் நாம் தீயைப் பயன்படுத்துகிறோம் அல்லவா?

எல்இடி விளக்கே சிறந்தது என்பது மற்றொரு மறுப்பு. ஒளிக்காக மட்டும் என்றால், நானும் அதையே பரிந்துரைப்பேன். அது எடை குறைந்தது, அதிகம் சூடாவதில்லை, புகைவதில்லை. ஆயினும், அதன் மின்கலம் செயலிழந்த நாளை எண்ணிப் பாருங்கள். பல விளக்குகளில் மின்கலத்தை மாற்றவே முடியாது. ஒரு சிறு பாகம் கெட்டுப்போனதற்காக முழு விளக்கையும் வீசி எறிகிறோம். பெட்ரோமாக்ஸ் வகை விளக்குகளையோ ஒரு திருகுக்குறடு கொண்டு கழற்றிவிடலாம். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் செய்யப்பட்டிருந்தாலும், அவற்றின் பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

இது விளக்கைப் பற்றிய கவலை மட்டுமன்று. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு உருவாகிறது. நமக்கு இருப்பது செமாக்காவ் என்னும் ஒரே குப்பை நிரப்பு நிலம்தான். அது 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடக்கூடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 2014இல் தொடங்கப்பட்ட 'ரிப்பேர் கோப்பித்தியாம்' நிகழ்ச்சிகளில், பழுதான பொருள்களைச் சரிசெய்யத் தொண்டூழியர்கள் குடியிருப்பாளர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்றிருந்த சுங்கே ரோட்டுச் சந்தையோ 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பழுதுபார்க்கும் பழக்கம் நம்மிடம் வளர வேண்டுமானால், அதைக் கற்றுக்கொள்ள இடமும் வாய்ப்பும் வேண்டும்.

அதற்குப் பள்ளியைவிடச் சிறந்த இடம் எது? வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்தில் மாணவர்கள் புதிய பொருள்களை உருவாக்கக் கற்கிறார்கள். அதே பட்டறையில், ஒரு பழைய விளக்கைக் கழற்றிப் பார்க்கவும் வாய்ப்பளிக்கலாம். அதற்கு எண்ணெயோ நெருப்போ தேவையில்லை. பம்பைச் சரிசெய்து, கலத்தை நீரில் அமிழ்த்தி, கசிவைக் கண்டுபிடித்தாலே போதும். ஒரு பொருள் ஏன் இயங்கவில்லை என்று கேட்டு, அதற்கான காரணத்தைத் தானே கண்டறிந்த மாணவன், அடுத்த பொருளைக் குப்பையில் போடுவதற்குமுன் ஒருமுறை யோசிப்பான்.

கூன் செங் சாலை வீடுகளுக்கு வண்ணம் பூசுவதோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை. கூரை ஒழுகாமலும் மரத்தைக் கறையான் அரிக்காமலும் பார்த்துக்கொள்கிறோம். அதனால்தான் அங்கே இன்னும் மக்கள் வாழ முடிகிறது. பழைய பொருள்களையும் அவ்வாறே பேணுவோம். உங்கள் தாத்தா பாட்டியிடம், வீட்டில் இயங்காமல் கிடக்கும் பழைய பொருள் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது விளக்காகவும் இருக்கலாம்; வானொலியாகவும், தையல் இயந்திரமாகவும் இருக்கலாம். அதைத் துடைத்து அலமாரியில் வைப்பதற்குமுன், அது எப்படி இயங்கியது என்பதை அவர்களிடமே கேட்டறியுங்கள். பிறகு, அவர்களோடு சேர்ந்து அதை மீண்டும் இயங்கவைக்க முயலுங்கள்.