கத்தக்குறிச்சியும் ஜெனீவாவும்

வெளிநாட்டுக் கொள்கை என்றதும் நம்மில் பலர் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அது டில்லிக் கனவான்களின் சங்கதி. புதுக்கோட்டைச் சீமையின் செம்மண்ணுக்கும் அதற்கும் என்ன உறவு என்று நினைக்கிறோம். உறவு இருக்கிறது.

2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் சாந்தி சௌந்திரராஜன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர். ஓடி முடித்தபின் அவருக்குப் பால் சோதனை நடந்தது. தேறவில்லை என்றார்கள், பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். பெண்ணாகவே பிறந்து வளர்ந்த ஒருவரின் அந்தரங்கம் உலகச் செய்தியாயிற்று. தமிழக அரசு பரிசுப் பணம் தந்தது. அது கௌரவமான செயல். ஆனால் கடல் கடந்து போய் அவருக்காக வாதாட யார் இருந்தார்கள்? சில ஆண்டுகளில் அவரே சூளையில் கூலிக்கு நின்றார்.

2009இல் இதே சோதனை தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு வந்தது. அவருடைய அரசாங்கம் எழுந்து நின்று குரல் கொடுத்தது. தங்கம் அவரிடமே தங்கியது. 2014இல் ஒடிசாவின் துத்தி சந்த் விலக்கப்பட்டபோது, நம் விளையாட்டு ஆணையமே துணை நின்றது. 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. ஆக, முடியாத காரியம் அன்று. மனம் வேண்டிய காரியம்.

அந்த மனம் ஜெனீவாவில் எப்படி இருக்கிறது? பால் ஈர்ப்பு, பால் அடையாளம் இவற்றின் பேரால் மனிதர் வதைபடுவதை ஆராய ஒரு நிபுணரை நியமிக்கலாமா என்று 2016இல் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் ஓட்டெடுத்தார்கள். இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அன்று 377ஆம் பிரிவு சட்டத்தில் இருந்தது, சாக்கும் இருந்தது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, மனமொத்த பெரியவர்களின் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இலும் 2022இலும் நிபுணரின் பதவி நீட்டிப்புக்கு வந்தபோது மறுபடியும் ஒதுங்கினோமே, எந்தச் சாக்கில்?

“பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடலாமா?” என்கிறார்கள். 1946இல் தென்னாப்பிரிக்கா இதையேதான் சொல்லிற்று. அங்கே இந்தியர் படும் அவமானத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோன தேசம் நம் தேசம். மனிதனின் மானம் எந்த நாட்டின் உள்விவகாரமும் அன்று என்று அன்று வாதாடிய நாக்கு இன்று ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது?

“மேல்நாட்டான் நமக்கு உபதேசிப்பதா?” என்று கோபிப்பவர்களும் உண்டு. கோபம் நியாயமே. 1860இல் அந்தச் சட்டத்தை நம் தலையில் கட்டியவனே இப்போது நீதி பேசுகிறான். ஆனால் உபதேசியின் மேலுள்ள கோபத்துக்காக அடிபட்டவனைக் கைவிடுவது என்ன தர்மம்? உதவியை நிறுத்துவோம் என்று ஏழை நாடுகளை மிரட்டும் ராஜதந்திரம் நமக்கு வேண்டாம். கையைத் தூக்கினால் போதும்.

2025 செப்டம்பர் முதல், சர்வதேசத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட ஒரு மரபணுச் சோதனையை உலகத் தடகள அமைப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. நாளையும் ஏதோ ஒரு சூளை வீட்டுப் பெண் ஓடத்தான் போகிறாள். 2026 முதல் மூன்றாண்டுக்கு இந்தியா மீண்டும் அந்தக் கவுன்சிலில் உறுப்பினர். அயலான் மானத்துக்கு வாய் திறக்காத தேசம், தன் மகளின் மானத்துக்கு வாய் திறக்க எங்கே பழகும்? நடுநிலை நல்ல பண்புதான். அடிப்பவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் நடுவில் நிற்கும்போது மட்டும் அதற்கு வேறு பெயர்.