ஓதத் தெரிந்தவர்கள் பார்க்காமல் வரும் வாசல்

துருக்கியிலுள்ள கொன்யாவுக்குப் போகிற நம்மூர்க் குழுக்கள் மௌலானா ரூமியின் அடக்கஸ்தலத்தில் ஜியாரத் முடித்ததும் பஸ் ஏறிவிடுகின்றன. எங்கள் பயணத் திட்டத்திலும் அவ்வளவுதான். நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன். அப்படியே திரும்பிவர மனம் ஒப்பவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நானும் என் மனைவியும் அலாவுதீன் குன்றுவரை நடந்தோம். குன்றுக்கு மேற்கே சாலையோரமாக நிற்கிறது இன்ஜே மினாரே மதரஸா.

செல்ஜுக் அமைச்சர் சாகிப் அத்தா ஃபக்ருத்தீன் அலி, ஹதீஸ் கற்பதற்கென்றே 13ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளி அது. 1243இல் மங்கோலியரிடம் தோற்று, அவர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த அரசு. அந்த நெருக்கடியிலும் ஓதவரும் பிள்ளை நுழைகிற வாசலுக்குச் சிக்கனம் பார்க்கவில்லை.

கதவின் இரு பக்கமும் இரண்டு கல் பட்டைகள் எழும்புகின்றன. பட்டை முழுக்கப் புடைத்து நிற்கும் அரபு எழுத்து. கதவுக்கு மேலே இரண்டும் ஒன்றையொன்று தாண்டிச் சடைபோல் பின்னிக்கொண்டு, மேல் விளிம்புவரை ஏறுகின்றன. துணியை முறுக்கியதுபோல் இருக்கிறது. கல் என்று கண் நம்ப மறுக்கிறது.

இதை 'அலங்காரம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டைகளில் இருப்பவை யாசீன், ஃபத்ஹு சூராக்கள். உள்ளே போய் உட்காருவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. யாசீனைப் பார்க்காமல் ஓதுகிறவர்கள் எங்கள் குழுவிலேயே எத்தனையோ பேர்! அந்த வாசலின் அருமை அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவர்களைத்தான் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனார்கள்.

கட்டிய கலைஞர் கலூக் பின் அப்துல்லா, வாசலின் இரு பக்கமும் வட்டத்துக்குள் தன் பெயரைச் செதுக்கியிருக்கிறார். அமைச்சர் பெயரைச் சொல்லும்போது இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1901இல் இடி விழுந்து மினாராவின் மேல்பகுதி போய்விட்டது. வாசல் நிற்கிறது. கட்டடம் இப்போது கல், மர வேலைப்பாடுகளின் அருங்காட்சியகம். கொன்யாவின் பழைய கோட்டைச் சுவரில் இருந்த சிறகு முளைத்த உருவங்களும் உள்ளேதான் இருக்கின்றன.

பயணம் ஏற்பாடு செய்கிறவர்களிடம் நான் கேட்பது அரை மணி நேரம். என் மனைவி அன்று யாசீனை வாய்க்குள் ஓதிக்கொண்டே, விரலால் காற்றில் பட்டையைத் தொடர்ந்து போனாள். பின்னல் வந்த இடத்தில் எது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிபடவில்லை. விரலைக் கீழே இறக்கி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.