ஆளா? கொள்கையா?

ஓட்டுப் போடும்போது எதைப் பார்ப்பது? வேட்பாளரின் குணத்தையா, கட்சியின் கொள்கையையா?

ராமநாதபுரத்துக்கு இது பழைய கேள்வி. 1937 தேர்தலில் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி தோற்றார். வென்றவர், காங்கிரஸ் வேட்பாளர் முத்துராமலிங்கத் தேவர்.

1952-ல் ராஜா சுயேச்சையாக நின்றார். கட்சி இல்லை, கொடி இல்லை. ஆளைப் பார்த்தே ஓட்டு விழுந்தது. ஜெயித்தார். போய் அமர்ந்ததோ, ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபையில்! 1957-ல் மீண்டும் சுயேச்சை. 1962-ல் காங்கிரஸ். இரண்டிலும் வெற்றிதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கட்சிக் கொள்கைக்கும் கட்டுப்படுவதாகச் சொல்லி அவர் சுயேச்சையாக நிற்கவில்லை. ஆளை நம்பினால், அவர் போகும் திசைக்கெல்லாம் நாமும் போகவேண்டும்.

அதற்காகக் குணத்தை ஒதுக்கிவிடலாமா? கூடாது. 2003 முதல் வேட்பாளரின் வழக்கும் சொத்தும் பிரமாணப் பத்திரத்தில் வந்துவிடுகின்றன. ஆனால், இலங்கை பிடித்த படகை மீட்க என்ன வழி என்று ராமேசுவரம் மீனவர் கேட்டால், அதற்கு அந்தப் பத்திரத்தில் பதில் கிடையாது.