என் வண்டிக்கு என்ன நோய்னு எனக்குத் தெரியக் கூடாதா?

சித்திரை மாசம், மத்தியானம் ரெண்டு மணி, பெரும்பாக்கம். இஞ்சினுக்குள்ள போற காத்தோட சூடு மைனஸ் 40 டிகிரின்னு என் பைக் சொல்லுது. போன்ல நானே பார்த்தேன். முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கோபம் வந்துச்சு. அந்தக் கோபத்தைத்தான் எழுதறேன்.

ஏரிப் பக்கம் எனக்கு மிச்சம் இருக்கிறது முக்கால் ஏக்கர். சுத்தி அடுக்குமாடிங்க, நடுவுல என் கீரைப் பாத்தி. விடியக்காலம் நாலு மணிக்குக் கட்டை வண்டியில கட்டிக்கிட்டு மேடவாக்கம் போயாகணும். ஆறு மணிக்கு மேல போனா வாடின கீரைன்னு விலையை இறக்கிடுவாங்க. அப்படி இருக்கும்போது வண்டி காலையில ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. பெட்ரோலும் கூடக் குடிச்சுது. மீட்டர்ல இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே இல்ல.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எந்தக் கம்பெனின்னு எழுதப் போறதில்ல. ஒரு கருவியை மாட்டிப் பார்த்தாங்க, ஸ்கேன் சார்ஜுன்னு 350 ரூபா வாங்கினாங்க. "என்ன கோடுங்க வந்துச்சு?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது பெரியவரே. சென்சார் போச்சு, செட்டா மாத்தணும், 6,800 ஆகும். பார்ட் வர நாலு நாள்."

பத்தாவது படிச்சவன் நான். கோடு நம்பரைக் கூடவா படிக்கத் தெரியாது?

அக்கா பையன்தான் புளூடூத் அடாப்டர் ஒண்ணு வாங்கித் தந்தான். முதல்ல வாங்கினது மட்டமான சரக்கு, வண்டியோட பேசவே இல்ல. ரெண்டாவது பேசிச்சு. அடாப்டர்ல இருக்கிறது கார்ல மாட்டற 16 முள்ளு. பைக் சீட்டுக்கு அடியில இருக்கிறது 6 முள்ளு சாக்கெட். நடுவுல ஒரு ஒயர் வேணும். எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். போன்ல ஆப்பைத் திறந்தா 'பி0113'.

காத்தோட சூட்டை அளக்கிற சென்சார் சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகம்னு அதுக்கு அர்த்தம். குளிர்ல அந்த சென்சாரோட மின்தடை ஏறும். ஒயரே அறுந்து போனா தடைக்கு எல்லையே இல்ல, அதனால கம்ப்யூட்டர் அதைக் கொடுங்குளிர்னு எடுத்துக்கிட்டு அந்தக் கணக்குக்குப் பெட்ரோலை ஊத்துது. மைனஸ் 40 வந்த கதை இதுதான். என் வண்டியில காத்தோட சூடு, காத்தழுத்தம், ஆக்ஸிலேட்டர் திறப்பு மூணையும் ஒரே டப்பாதான் அளக்குது. மத்த ரெண்டும் போன்ல சரியாத்தான் ஓடிச்சு. அப்போ டப்பா சாகல. எங்க தெரு மெக்கானிக் தம்பி மூடியைக் கழட்டிப் பார்த்தான். எலி கடிச்சிருந்துச்சு. பத்த வெச்சு ஸ்லீவ் மாட்டினதுக்கு 80 ரூபா. விளக்கு அணைஞ்சுது.

இந்தக் கோடு எந்த சாமானை மாத்தணும்னு சொல்லாது. எந்தப் பக்கம் தேடணும்னுதான் சொல்லும். தேடறதுக்குச் சோம்பேறித்தனம், அதுக்கு நான் 6,800 கட்டணும்!

கம்ப்யூட்டரே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்துச்சு, புகை குறையணும்னு. நல்லதுதான். எங்க ஆளுங்க மூட்டை ஏத்தற டிவிஎஸ் எக்ஸ்எல் கூட இன்ஜெக்ஷனுக்கு மாறிடுச்சு. ஆனா கார்புரேட்டர் காலத்துல பிளக்கைக் கழட்டிக் கறியைப் பார்த்தே நோயைச் சொன்ன மெக்கானிக், இன்னைக்கு ஒரு நம்பர் கிடைக்காம கையைக் கட்டி நிக்கிறான்.

கேட்டா பாதுகாப்புங்கறாங்க, வண்டித் திருடன் வருவாங்கறாங்க. கம்ப்யூட்டர்ல எழுதறது வேற, அதைப் படிக்கிறது வேற. எழுதற சாவியை அவங்களே வெச்சுக்கட்டும். ரத்தப் பரிசோதனை பண்ணா ரிப்போர்ட்டை நம்ம கையிலதானே குடுக்கிறாங்க?

இது புதுச் சண்டையும் இல்ல. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமும் சோதனைக் கருவியும் கிடைக்க விடலைன்னு, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி அபராதம் போட்டுச்சு. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'ன்னு இணையதளம் திறந்துச்சு, வண்டியும் விவசாயக் கருவியும் அதுல உண்டு. ஆனா இணையதளம் சட்டம் இல்லீங்க. கம்பெனிக்கு இஷ்டம் இருந்தா தகவல் போடும். அமெரிக்காவுல டிராக்டர் வெச்சிருக்கிறவங்க வருஷக்கணக்கா கத்தின பிறகுதான், 2023 ஜனவரியில ஜான் டீர் விவசாயிகள் சங்கத்தோட ஒப்பந்தம் போட்டுச்சு.

நான் கேக்கிறது ரொம்பச் சின்னது. கோடை மீட்டர்லயே காட்டுங்க. யார் போன் பண்றாங்கன்னு பேரோட காட்டற மீட்டருக்கு ஒரு எழுத்தும் நாலு நம்பரும் காட்ட முடியாதா? ஒவ்வொரு கோடுக்கும் என்ன அர்த்தம்னு வண்டியோட தர்ற புத்தகத்துல தமிழ்ல ரெண்டு பக்கம் அச்சடிங்க.

ராத்திரி பத்து மணிக்கு உங்க வீட்டு வாசல்ல சாப்பாடு கொண்டு வந்து நிக்கிற பையன் எங்க ஹவுசிங் போர்டுல குடியிருக்கிறவனா இருக்கலாம். அவன் வண்டி நாலு நாள் நின்னா நாலு நாள் கூலி போச்சு, டியூ மட்டும் நிக்காது. அடாப்டரை மெக்கானிக் தம்பி கடையிலயே குடுத்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில அந்தப் பசங்க வரிசையா வந்து நிக்கிறாங்க. படிச்சுச் சொல்றதுக்கு அவன் காசு வாங்கறதில்ல.