பழைய பிரிண்டரை எடைக்குப் போடச் சொல்வது யார்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிரங்க் ரோட்டோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பூச்செடி, புறா, பழைய மிக்ஸி இவற்றுக்கு நடுவே கம்ப்யூட்டர் சாமான்களும் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்கும். அந்தக் குவியலில் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் எடைக்குப் போட்ட கோலத்தில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சந்தேகம். இவை பழுதானதால் வந்தவையா? அல்லது ஏதோ ஒரு மளிகைக் கடையில் நேற்றுவரை ஒழுங்காக ஓடி, அந்தக் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்த ஒரே காரணத்தால் தெருவுக்கு வந்தவையா?

புது கம்ப்யூட்டர் வாங்குவதைக் குறை சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. வரிக் கணக்கும் பாங்கிக் கணக்கும் ஒரே இயந்திரத்தில் நடக்கும்போது அதைப் பாதுகாப்பில்லாமல் ஓட்டுவது விவேகமல்ல. ஆனால் கம்ப்யூட்டரை மாற்றினால் பிரிண்டரையும் மாற்றியே தீரவேண்டும் என்று விற்பவர் சொல்வதை நம்மவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது.

நமது உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம்; பெயர் வேண்டாம். பம்மல், அனகாபுத்தூர் பக்கம் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி. கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர் பிரிண்டரைப் பார்த்ததும், "அண்ணாச்சி, இதுக்கெல்லாம் இப்போ டிரைவரே வராது. ஒயர் சொருக இடமும் கிடையாது. லேசர் எடுத்துக்குங்க" என்றாராம். அண்ணாச்சியும் எடுத்துக்கொண்டார்.

முதல் மாதம் எல்லாம் அழகாக இருந்தது. எழுத்து பளிச்சென்று விழுந்தது. ஆனால் மூன்று பிரதி வேண்டுமென்றால் மூன்று தனித் தாள், மூன்று மடங்கு டோனர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டியில் சரக்கு கொண்டுபோன பையன் ஒரு தாளில் மட்டும் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்தில்லாத தாளோடு திரும்பிவந்தான். இரண்டு மாதம் கழித்து வசூலுக்குப் போனால், "அந்த நாலு மூட்டை வரவேயில்லையே அண்ணாச்சி" என்கிறார் கடைக்காரர். பொய் சொன்னாரா, மறந்துவிட்டாரா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. எடுத்துக் காட்ட அண்ணாச்சி கையில் எதுவும் இல்லை. பாதித் தொகைக்குச் சமாதானமாகப் போய்விட்டார்.

பழைய பிரிண்டராக இருந்தால் இது நடந்திருக்காது. அதன் தலையில் உள்ள ஊசிகள் ரிப்பன்மேல் தட்டுகின்றன. தட்டுகிற வேகத்தில் அடியிலுள்ள கார்பன் தாளிலும் எழுத்து விழுகிறது. லேசரோ, இங்க்ஜெட்டோ, தெர்மலோ தாளைத் தட்டுவதில்லை. ஆகவே அவற்றில் கார்பன் பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லை. கிழிக்காத மூன்று தாளையும் சேர்த்து வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கையெழுத்து வாங்கினால் மூன்றிலும் பதிகிறது. பையன் எந்தத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாலும் நமக்கு ஒன்று மிச்சம்.

கடனுக்குச் சரக்குப் போடுகிறவர்களுக்கு அந்தத் தாள்தான் சொத்து. தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தெர்மல் பில் அதுவரை தாங்குமா? சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள் அது. வெயிலும் எண்ணெய்க் கையும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்தால் வெகு சீக்கிரம் வெள்ளைத் தாளாகிவிடும். மளிகைக் கடையில் எண்ணெய்க் கைக்கு என்ன குறைச்சல்?

வரிச் சட்டமும் இதையே கேட்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பல காலமாகக் கடை வைத்திருக்கும் நமக்கு அதே பெயரில் வரியும் 2017 ஜூலை 1 அன்று வந்து சேர்ந்ததல்லவா, அதன் 48-ஆவது விதி சரக்கு விற்பனைக்கு மூன்று பிரதி போடச் சொல்கிறது: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கொடுக்கவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் முடியும்வரை.

சரி, பழைய பிரிண்டர் புதுக் கம்ப்யூட்டரோடு சேருமா? பெரும்பாலும் சேரும்.

முதலில், பிரிண்டர் நன்றாக இருக்கிறதா என்பதைக் கம்ப்யூட்டரே இல்லாமல் பார்த்துவிடலாம். எப்சன் எல்எக்ஸ் 300 பிளஸ் போன்றவற்றில் எல்.எஃப்./எஃப்.எஃப். பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் அதுவாகவே எழுத்துகளை வரிசையாக அடிக்கும். எல்லா வரியிலும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஓர் ஊசி போய்விட்டது என்று அர்த்தம். கோடில்லாமல் வந்தால் பிரிண்டர் மீது பழியில்லை. "இது செத்துப்போச்சு" என்பவர் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள்.

பிறகு பின்பக்கத்தைப் பாருங்கள். எல்எக்ஸ் 300 பிளஸ் 2 போன்ற பிந்திய மாடல்களில் யு.எஸ்.பி. துளை ஏற்கெனவே இருக்கிறது. தூசிக்குள் மறைந்திருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அகலமான 36 முனைச் சொருகி மட்டும் இருந்தால், ஒரு முனை யு.எஸ்.பி., மறுமுனை 36 என்று வரும் கேபிள் ரிச்சி தெருவில் கிடைக்கும். நம் சந்தையிலும் கிடைக்கலாம். ஆனால் அங்கே வாங்கியதை அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பேரலல் போர்ட் கார்டு ஒன்றை உள்ளே பொருத்திக்கொள்வது இன்னும் உறுதியான வழி.

கேபிளைச் சொருகியதும் பிரிண்டர் பெயர் திரையில் வராது. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கேபிள் தன்னை மட்டுமே அறிமுகம் செய்துகொள்கிறது; அதற்குப் பின்னால் இருக்கும் பிரிண்டரை நாம்தான் கையால் சேர்க்க வேண்டும். போர்ட் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் எல்.பி.டி.1 என்று கொடுக்காமல் யு.எஸ்.பி.001 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு டிரைவர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நம் கடைகளில் இருக்கும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை, எந்தக் கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தாலும், எப்சன் மொழி புரிந்தவை. 9 ஊசிக்கு 9 ஊசி, 24-க்கு 24 என்று எப்சன் டிரைவர் ஒன்றைப் போட்டால் ஓடும். அதுவும் இல்லையென்றால் விண்டோஸிலேயே இருக்கும் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்பது வெறும் எழுத்தை அடித்துக் கொடுக்கும். தமிழில் சரக்குப் பெயர் போடுகிறவர்களுக்கு மட்டும் அது உதவாது. தமிழ் எழுத்தைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும். படமாகப் போனால் பிரிண்டர் மெதுவாகத்தான் போகும்.

அடுத்த வம்பு தாள் நீளம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நமது தொடர்தாள் 12 அங்குலம். கம்ப்யூட்டர் அதை ஏ4 என்று நினைத்தால் 11.69 அங்குலத்தில் நிறுத்திவிடும். ஒரு தாளுக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நகர்ந்து, பத்தாவது பில்லுக்குள் ஏறக்குறைய மூன்று அங்குலம் தள்ளிப்போய்விடும். கடைப் பெயர் கிழிக்கும் ஓட்டை மேல் விழும். 'பிரிண்டர் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' என்ற இடத்தில் 10-க்கு 12 என்றோ, அரைத்தாளானால் 10-க்கு 6 என்றோ புதிய அளவை ஒருமுறை எழுதி வைத்தால் தீர்ந்தது. டாலி வைத்திருப்பவர்கள் அச்சு முறையை 'டாட் மேட்ரிக்ஸ் ஃபார்மட்' என்று மாற்றிக்கொண்டால் வேகமும் திரும்பிவரும்.

டாஸ் காலத்து பில் புரோகிராம் வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. 64 பிட் விண்டோஸில் அவை நேரடியாக ஓடா. விண்டோஸ் 11-ல் 64 பிட் தவிர வேறு கிடையாது. பழைய பாக்கியைப் பார்ப்பதற்காக மட்டும் அவற்றைத் தனி இயந்திரத்தில், இன்டர்நெட் இணைப்பில்லாமல் வைத்துக்கொள்வதே நல்லது.

எல்லோரும் பழையதையே கட்டிக்கொண்டு அழவேண்டும் என்பதல்ல நமது வாதம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போனவர்கள் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். அதிலுள்ள க்யூ.ஆர். கட்டத்தை மங்கிய ரிப்பனில் அடித்தால் போனில் படிக்காமல் போகலாம். இ-இன்வாய்ஸுக்கு மூன்று பிரதி விதியும் பொருந்தாது. அவர்கள் பில்லுக்கு லேசரும், சரக்கு ஒப்படைத்த சீட்டுக்குப் பழைய பிரிண்டருமாக இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கவுண்டரில் சில்லறை விற்பனை மட்டும் செய்பவருக்குத் தெர்மலே போதும். கடனுக்குக் கொடுக்காதவருக்குக் கையெழுத்து எதற்கு?

நமது சங்கம் ஒரு காரியம் செய்யலாம். சங்க அலுவலகத்தில் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் ஒன்றும் இந்தக் கேபிள் ஒன்றும் வைத்திருந்தால், உறுப்பினர்கள் தங்கள் பிரிண்டரைக் கொண்டுவந்து சொருகிப் பார்த்துவிட்டே வீசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஆகும் செலவு ஒரு கூட்டத்துக்கு வாங்கும் காபி, வடைச் செலவை வெகுவாகத் தாண்டாது, கம்ப்யூட்டரை யாராவது இரவல் கொடுத்தால்.

அதுவரை, புதுக் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, "என் பழைய பிரிண்டரில் பில் அடித்துக் காட்ட வேண்டும்" என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பில் அடித்துக் காட்டினால் தலையாட்டிவிடாமல் தொடர்ந்து பத்து பில் அடிக்கச் சொல்லுங்கள். பத்தாவது பில்லிலும் கடைப் பெயர் அதன் இடத்திலேயே இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.