விழா முடிந்தது, அலமாரி பூட்டப்பட்டது

இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று வாசிப்பின் பெயரால் எல்லாம் நடைபெறுகின்றன, வாசிப்பு ஒன்றைத் தவிர. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். ஜூன் 19, பி.என். பணிக்கரின் நினைவாகக் கேரளத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய வாசிப்பு நாள். ஆகஸ்ட் 12, எஸ்.ஆர். ரங்கநாதனின் பெயரால் நூலகர் நாள். அக்டோபர் 15 அப்துல் கலாமின் பிறந்த நாள். மகாராஷ்டிரத்தில் அது வாசிப்பு ஊக்க நாள். இந்நாள்களில் மேசைகள்மீது வெள்ளைத் துணி விரிக்கப்படுகிறது. அலமாரியிலிருந்து நூல்கள் இறக்கி அடுக்கப்படுகின்றன. மாணவர் வரைந்த ஓவியங்கள் சுவரில் ஏறுகின்றன. ரிப்பன் வெட்டப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. மாலையில் நூல்கள் அலமாரிக்குத் திரும்புகின்றன. அவற்றோடு பூட்டும் திரும்புகிறது.

அந்த மேசையில் கிடக்கும் நூலொன்றைக் கையிலெடுத்து, 'இதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?' என்று ஒரு மாணவி கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பது கல்லூரியில் படித்த எவருக்கும் தெரியும். 'அது பார்வைக்கு வைத்ததும்மா, தொடக் கூடாது.' வாசிப்பை ஊக்குவிக்கக் கூட்டிய விழாவில் வாசிக்க விரும்பிய ஒரே ஆள் இடையூறாகிவிடுகிறாள்.

விழாவுக்குப் பின் எழுதப்படும் அறிக்கையின் இலக்கணம் இதைவிடத் தெளிவாகப் பேசும். 'கண்காட்சி நடத்தப்பட்டது', 'நூல்கள் காட்சிப்படுத்தப்பட்டன', 'மாணவர்கள் பயனடைந்தனர்'. முதல் இரண்டும் செயப்பாட்டு வினைகள். நடத்தியவர் யார் என்று வாக்கியம் சொல்லாது. மூன்றாவதில் எழுவாய் உண்டு, ஆனால் அவர்கள் எதனால் பயனடைந்தார்கள் என்ற விவரம் இல்லை. 'படித்தாள்' என்ற செய்வினை அறிக்கை முழுவதிலும் ஓரிடத்திலும் வராது. 'எந்த நூலை?' என்ற வினாவுக்கு விடையாகும் செயப்படுபொருளும் வராது. வாசகரே இல்லாத வாக்கியங்களால் வாசிப்பின் வரலாறு எழுதப்படுகிறது.

இதற்கு மனிதர்களின் சோம்பல் காரணமன்று, அளவுகோல்தான் காரணம். நாக் மதிப்பீட்டில் பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்ட படிவம் நூலகத்தைப் பற்றி நான்கு செய்திகளைக் கேட்டது. நூலகம் கணினிமயமாகியுள்ளதா? மின்னிதழ்களுக்குச் சந்தா உண்டா? ஆண்டுக்கு எவ்வளவு செலவு? நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? இவற்றில் எதுவும் தவறான வினாவன்று. ஆனால் ஒரு நூலாவது வாசகரின் வீட்டுக்குச் சென்றதா என்று அந்த நான்கும் கேட்கவில்லை. வாசல் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, உணவு இடைவேளை முடிந்ததும் எழுந்து செல்பவரும் அக்கணக்கில் ஒரு பயனர். எதை எண்ணுகிறார்களோ அதையே நிறுவனம் உற்பத்தி செய்யும். வருகை எண்ணப்பட்டது, வருகை உற்பத்தியானது. நிகழ்ச்சிகளின் பட்டியலும் புகைப்படங்களும் கேட்கப்பட்டன, அவையும் உற்பத்தியாயின.

சரி, பூட்டு எதற்கு? நூல் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தை நூலகர் பலர் சொல்வார்கள். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் மைய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஒவ்வோர் 1,000 நூலுக்கும் 5 நூல் இழப்பு இயல்பானதே என்று அவை ஏற்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. மாநிலக் கல்லூரிகளை இவ்விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. இழப்பின் வரம்பு அலமாரியில் உள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படவில்லை; புழங்கிய நூல்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதிகம் வழங்கும் நூலகம் சற்று அதிகம் இழக்கலாம் என்பதை நிதித்துறையே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ள மறுப்பவை கல்லூரிகள்தாம்.

விழா நாளில் மாலை சூட்டப்படும் படத்தில் இருப்பவர் இந்தப் பூட்டுக்கு எதிராகவே வாழ்ந்தவர். கணித ஆசிரியராக இருந்த ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இங்கிலாந்து சென்று பயின்று திரும்பி, வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலைத் தேடியெடுக்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் முதலாவதன் சாரம், நூல் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதுதான். அதை விளக்கும்போது, இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. வண்டி கட்டி வாசகரைத் தேடிப் போன நாட்டில், தேடி வந்த வாசகர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். அவருக்கு மேலே ரங்கநாதனின் படம் தொங்குகிறது.

இதனால் மிகுதியாக இழப்பவர்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்கள். 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் இந்தியாவில் வேர்விட்ட கருத்து அது. 2013-14இல் பல்கலைக்கழக மானியக் குழு அதைத் தன் திட்டமாக ஏற்று, ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே அத்தகைய படிப்புகளுக்கு இடமளித்தது. தையல், நோயாளர் பராமரிப்பு, குளிர்சாதனப் பழுதுநீக்கம், உணவு பதப்படுத்தல் போன்றவற்றைப் பயில வருபவர்கள் பலருடைய குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர்களுக்கு முன் இல்லை. வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுபவர்களும் அவர்களில் உண்டு. வீட்டில் நூல் அலமாரி இல்லாதவருக்கு உலகில் இருக்கும் ஒரே நூல் அறை கல்லூரி நூலகம். அந்த அறை அவர் வகுப்பில் இருக்கும்போது திறந்திருக்கிறது, அவருக்கு நேரம் கிடைக்கும்போது மூடியிருக்கிறது. திறனை மட்டும் பயில வந்தவருக்கு இலக்கியமும் வரலாறும் ஓவியமும் எதற்கு என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. ஆனால் அதற்கான விடை நூலகத்தின் நேர அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது.

'விழாவாவது நடக்கிறதே, அதுவும் இல்லாவிட்டால் மாணவர் நூலகப் பக்கமே வரமாட்டார்' என்பது வழக்கமான மறுப்பு. ஒருமுறை வரவழைத்து, தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினால் அவர் கற்றுக்கொள்வது என்ன? நூல் மற்றவர்களுக்கானது என்ற பாடத்தை. 'கைப்பேசி வந்தபின் யார் படிக்கிறார்கள்?' என்பது அடுத்த மறுப்பு. கைப்பேசி பையை வெளியே வைக்கச் சொல்வதில்லை, இரண்டு கையெழுத்துக் கேட்பதில்லை, இரவு பத்து மணிக்கும் திறக்கிறது. வாசகரை வரவேற்கும் கலையில் நூலகம் அதனிடம் தோற்றுவிட்டு, வாசகர்மீது பழிபோடுகிறது.

விழாவே வேண்டாம் என்பதன்று வாதம். அமெரிக்காவில் 1901இல் தொடங்கப்பட்ட ஜோலியட் ஜூனியர் கல்லூரியிலிருந்து கிளைத்த மரபில், சமுதாயக் கல்லூரி நூலகங்கள் பலவும் ஓவியக் கண்காட்சியும் வாசிப்புக் கூட்டமும் நடத்துகின்றன. பல இடங்களில் ஊர்மக்களும் அங்கே உறுப்பினராகி நூலை எடுத்துச் செல்கிறார்கள். அங்கே கண்காட்சி ஒரு கதவு. இங்கே அது கதவில் வரைந்த ஓவியம்.

நல்ல கண்காட்சி என்பது சுவரில் ஏறிய நூற்பட்டியல். கலாமின் உருவப்படமும் வண்ணம் பூசிய பாட்டிலும் எந்த நூலுக்கும் வாசகரை அழைத்துச் செல்லாது. தையல் மாணவியர் தாளில் வெட்டிய சட்டை அளவு வரைவுகளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் கைத்தறி பற்றிய நூல்களை வைக்கலாம். காளஹஸ்தியின் கலம்காரியில் எழுதுகோலும் மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் அச்சுக்கட்டையும் ஏன் என்று கேட்கும் சிறு அட்டை ஒன்று போதும்; விடை எந்த அலமாரியில் என்பதை அதன் கீழே எழுதலாம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பாவு, ஊடை எனத் தன் வீட்டில் புழங்கும் தொழிற்சொற்களைத் தன் மொழியிலேயே எழுதி ஒட்டலாம். அவர் கையிலிருக்கும் ஆங்கிலக் கையேடு அறியாத அறிவு தன் தாயிடம் இருப்பதை அப்போது அவர் காண்பார். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. நிபந்தனை ஒன்றுதான்: மேசையில் வைத்த எந்த நூலும் அங்கேயே, அப்போதே இரவல் கிடைக்க வேண்டும்.

இச்சுமையை நூலகர் ஒருவரின் தலையில் கட்டுவதும் அநியாயம். நிரந்தரப் பணியிடம் நிரப்பப்படாத கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒருவரே நூல்களைப் பதிந்து, மின்னிதழ்க் கடவுச்சொல் வழங்கி, தேர்வுப் பணிக்கும் செல்கிறார். அவரிடம் நான்கு விழாக்களைக் கேட்டுவிட்டு, ஓர் உதவியாளரைக் கொடுக்க மறுக்கும் நிர்வாகமே இங்கே குற்றவாளி.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. பூட்டை நீக்கி, அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட வேண்டும். வாரத்தில் சில நாள்களாவது நூலகம் இரவு எட்டு மணிவரை இயங்க வேண்டும். அதற்கு ஆளும் ஊதியமும் வேண்டும். இயல்பான இழப்பை நூலகரின் சம்பளத்தில் பிடிக்கமாட்டோம் என்று கல்லூரி எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொரு விழா அறிக்கையிலும் புகைப்படத்துக்குக் கீழே ஓர் எண் இடம்பெற வேண்டும்: அடுத்த ஒரு மாதத்தில் அக்கண்காட்சியிலிருந்து இரவல் சென்ற நூல்கள் எத்தனை? அந்த எண் சுழியமானால், நடந்தது நூலக விழாவன்று.

ஆகஸ்ட் 12 மீண்டும் வரும். ரங்கநாதனின் படத்துக்கு அன்று மாலை வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தலாம். அலமாரியைத் திறந்துவைத்து, ஆகஸ்ட் 13 அன்றும் பூட்டாமல் விட்டால் போதும்.